நோம்பிப் படமும் எங்க வீட்டுச் சண்டையும்

பொங்கலுக்கு வந்த படம் சத்தியமங்கலத்துக்கு வந்து சேரும்போது கரும்புச் சோகைகூடக் காய்ந்துபோயிருக்கும். கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் ஓடித் தேய்ந்த பிறகுதான் பெட்டி பஸ் ஏறும். 1995 பொங்கலுக்கு வெளியான ‘சதி லீலாவதி’யை நாங்கள் பார்த்ததும் பண்ணாரி குண்டம் திருவிழா நெருங்கிய சமயத்தில்தான். மல்லிகைத் தோட்டத்து வீடுகளில் பெண்களுக்கு ராத்திரி ஆட்டம் ஆகாது. கருக்கலிலேயே பூப்பறிக்க எழவேண்டும், மார்க்கெட்டில் ஏலம் காத்திருக்காது. அதனால் மத்தியான ஆட்டம். அம்மிச்சி, பெரிய மாமன், அத்தை, பொடிசுகள் என்று ஒட்டுக்கா போனோம்.

வெளியே வந்ததும் மாமன் ஆரம்பித்துவிட்டார். “நம்ம பேச்ச வெச்சு ஊரே கெக்கலி கொட்டுது, அதப் பாத்து நீங்களும் சிரிக்கறீங்களே!” அம்மிச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ஏன்டா, நம்மளாட்டப் பேசறவ ஒருத்தி சினிமாவுக்குள்ள வந்துட்டாளே, அதுக்குச் சிரிச்சேன்” என்றாள். அந்தச் சண்டை வீடு வந்தும் ஓயவில்லை, வருசங்கள் போயும் ஓயவில்லை.

மாமன் சொன்னதை வெறும் வீராப்பு என்று தள்ள முடியாது. சினிமாவுக்கும் எங்கள் சீமைக்கும் உள்ள உறவு பழையது. பொள்ளாச்சி, உடுமலை, கோபி என்று பின்னால் கேமரா சுற்றிய காலத்துக்கெல்லாம் முந்தியது. கோயமுத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வே வேலையை விட்டுவிட்டு, 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். அவர் காட்டியது இயேசுவின் வாழ்க்கை. 1914இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார், அந்தச் சாலைக்கு இன்றைக்கும் அதுதான் பெயர். 1935இல் அங்கே சென்ட்ரல் ஸ்டுடியோ வந்தது. 1944 தீபாவளிக்கு வந்து மெட்ராஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ அங்கே எடுத்ததுதான்.

1936இலேயே ஒரு ‘சதி லீலாவதி’ உண்டு. தயாரித்தவர் கோயமுத்தூர் மருதாசலம் செட்டியார், இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். எம்.ஜி.ஆர். முதன்முதலில் தலைகாட்டிய படம். குடியால் கெட்டழிந்த புருசனும் பொறுமையே உருவான பெண்டாட்டியுமாகக் கதை போகும். பணம் எங்களூருடையது, எங்களூரிலேயே ஸ்டுடியோவும் இருந்தது, ஆனால் அந்தக் காலப் படங்களில் ஒலித்ததெல்லாம் நாடக மேடைத் தமிழ். ‘ஏனுங்க’ என்று ஒரு குரல் கேட்க ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருந்தோம்.

கேட்டபோது அது சிரிப்பு வேசத்தில்தான் வந்தது. உடுமலைப் பக்கம் வல்லகுண்டபுரத்துக் கவுண்டமணி, கோபிப் பக்கம் வெள்ளாங்கோயில் பாக்யராஜ், அப்புறம் கோவை சரளா. கோபி வட்டாரத்தில் எடுத்த ‘முந்தானை முடிச்சு’ (1983) படத்தில் சரளா பள்ளிக்கூட வயசிலேயே கர்ப்பிணி வேசம் கட்டினவர். கோபியைச் சின்னக் கோடம்பாக்கம் என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோதும், மாமன் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று: கதாநாயகன் வேறு தமிழ் பேசுவான், உதை வாங்குகிறவன் நம்ம தமிழ் பேசுவான்.

‘சதி லீலாவதி’ இதைக் கொஞ்சம் புரட்டிப்போட்டது. அதில் கொங்குப் பேச்சு பேசுகிறவர் டாக்டர். கமல்ஹாசன் சக்திவேல் கவுண்டர், சரளா அவர் சம்சாரம் பழனி. வசனம் எழுதியவர் மெட்ராஸ் நாடகங்களில் ஊறிய கிரேசி மோகன். கதையின் வேரோ 1989 டிசம்பரில் வந்த அமெரிக்கப் படமான ‘ஷி-டெவில்’. இத்தனை ஊர்த் தண்ணீர் கலந்தும் பழனி வாயைத் திறந்தால் எங்கள் சந்துதான் தெரியும். புருசனை ஏசும்போதுகூட ‘ங்க’வை விடமாட்டாள். மரியாதைக்குள்ளேயே ஊசியை வைத்துக் குத்துகிற வித்தை அது. பெங்களூரில் கதவுக்குக் கதவு ஓடி ஒளிகிற கலாட்டாவைவிட, புருசனும் பெண்டாட்டியும் சும்மா உட்கார்ந்து பேசுகிற இடங்களுக்குத்தான் நான் இன்றைக்கும் சிரிப்பேன். எங்கள் தமிழ் வாத்தியாருக்கு வேறு வருத்தம்: ‘வீடு’ம் ‘சந்தியா ராக’மும் எடுத்த பாலு மகேந்திராவா இப்படிக் கூத்தடிக்கிறார்? அவருக்குப் பதில் சொல்ல யாரும் முன்வரவில்லை. அன்றைக்கு நாங்கள் சிரிக்கத்தான் போயிருந்தோம்.

மாமனின் வாதத்தில் ஒரு ஓட்டை இருந்தது, அதைச் சுட்டிக்காட்டியவள் அத்தை. “பேச்சு கவுண்டனுக்கு மட்டுமாங்க சொந்தம்? நம்ம காட்டுல பூப்பறிக்க வர்ற பொம்பளைங்க என்ன மெட்ராஸ் பாசையா பேசறாங்க?” அது சரிதான். பவானிக் கரையில் பல சாதிக்கும் பொதுவாக இருக்கும் ஒரு பேச்சுக்குச் சினிமா ஒரு பட்டப்பெயரைக் கட்டிவிட்டது. மாமன் கோபப்பட்டாரே தவிர, அந்த முடிச்சை அவிழ்க்க அவருக்கும் மனமில்லை.

குடும்பமாகப் போய்ப் பார்த்துவிட்டுப் பிரிந்துகொண்டு சண்டை போடுவது எங்களுக்கு மட்டும் வாய்த்ததல்ல. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் வந்தால் ‘ஹோம் அலோன்’ படத்துக்கும் அதே கதி. 1990இல் கிறிஸ் கொலம்பஸ் எடுத்தது. திருடன் தலையில் பெயின்ட் டப்பா மோதுவது வேடிக்கையா, குரூரமா என்று அவர்களுக்குள் வாக்குவாதம். அதே கொலம்பஸின் ‘மிஸஸ் டவுட்ஃபயர்’தான் 1996 தீபாவளிக்குச் சேலை கட்டிக்கொண்டு ‘அவ்வை சண்முகி’யாக இங்கே வந்தது. ஊர் மாறினாலும் நோம்பிப் படத்தின் சூத்திரம் பெரிதாக மாறுவதில்லை.

போன பொங்கலுக்கு என் மகள் ‘சதி லீலாவதி’யைப் போனில் பார்த்தாள். பேச்சைப் பற்றிய சண்டையே அவளுக்கு விளங்கவில்லை. அவள் கோபமெல்லாம் கல்பனா நடித்த லீலாவதிக்காக. கறுப்பு, குண்டு என்று பெண்டாட்டியை ஒதுக்கிவிட்டு இன்னொருத்தியிடம் போனவனை எதற்குத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். 1936 லீலாவதியும் கடைசியில் புருசனோடுதான் சேர்ந்தாள் என்றேன்.

“அப்ப அறுவது வருசத்துல என்னங்மா மாறுச்சு?”

பழனியைக் காட்டினேன். அவளைக் கட்டிய டாக்டருக்கு அந்த மாதிரி நினைப்பு கனவில்கூட வந்திருக்காது என்றேன்.

“அப்பறம் படத்துக்குப் பழனின்னே பேரு வெச்சிருக்கலாமல்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தைத் தேட ஆரம்பித்தாள்.