நாலு ஜில்லா, ஒரே ஊரு

சர்வர் பேரை மாத்தினவங்களுக்குத் தெரியும், மாத்துறது ஒரு வரி வேலை. அதுக்கப்புறம்தான் கச்சேரியே. டேட்டாபேஸ் இருந்த இடத்துலயே இருக்கும், ஒரு ரெக்கார்டு கூடத் தொலைஞ்சிருக்காது. ஆனா லிசனர்ல பழைய பேரு, டிஎன்எஸ்நேம்ஸ் ஃபைல்ல பழைய பேரு, ராத்திரி பேக்கப் எடுக்குற ஸ்கிரிப்ட்ல பழைய பேரு. ஆரக்கிள் 10ஜி-யில என்டர்பிரைஸ் மேனேஜர் தன்னோட ஃபோல்டர் பேர்லயே சர்வர் பேரைச் சேர்த்து வச்சுக்கும். சர்வர் பேர் மாறினா அதோட ரெப்பாசிட்டரியைக் கலைச்சுட்டு மறுபடி உருவாக்கணும்.

இதே கூத்து, கம்ப்யூட்டர் இல்லாத காலத்துலயே நம்ம இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடந்திருக்கு. அதுவும் மூணு தடவை.

1910 வரைக்கும் இந்தப் பக்கம் திருநெல்வேலி ஜில்லா. அந்த வருஷம் மதுரை, திருநெல்வேலி ரெண்டுல இருந்தும் துண்டு எடுத்து இராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினாங்க. இராஜபாளையத்தையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அதுக்குள்ள போச்சு. பேரு இராமநாதபுரம், கலெக்டர் ஆபீஸ் இருந்தது மதுரையில! பேரை வச்சு இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதுங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது :-)

1985 மார்ச் 15-ல அந்த ஜில்லா மூணா பிரிஞ்சது. இராமநாதபுரம், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம், காமராஜர் மாவட்டம். நாம காமராஜர் மாவட்டம் ஆனோம்.

மூணாவது மாற்றம் சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்லை. 1997-ல வீரன் சுந்தரலிங்கம் பேர்ல ஒரு போக்குவரத்துக் கழகம் அமைக்க அரசு முடிவு செய்ய, தென்மாவட்டங்கள்ல சாதிக் கலவரம் வெடிச்சது. உயிர்கள் போச்சு, நம்ம பகுதியும் தப்பலை. கடைசியில எல்லா மாவட்டங்கள்ல இருந்தும், போக்குவரத்துக் கழகங்கள்ல இருந்தும் தலைவர்கள் பேரையே அரசு எடுத்துடுச்சு. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆச்சு. அந்த விருதுநகரே 1923 வரைக்கும் விருதுபட்டி. பேருங்கிறது வெறும் லேபிள்தானேன்னு யாராவது சொன்னா, 1997-ஐ ஒரு தடவை நினைச்சுப் பார்க்கச் சொல்லணும்.

இப்ப இராஜபாளையத்துல ஒரு குடும்பம் நாலு தலைமுறையா ஒரே வீட்டுல இருக்குன்னு வச்சுக்குங்க. வீட்டை ஓரடி நகர்த்தலை. ஆனா பத்திரங்களை வரிசையா எடுத்து வச்சா நாலு ஜில்லா வரும். பதிவான பத்திரத்தைப் பின்னாடி யாரும் திருத்துறதில்லை, திருத்தவும் கூடாது. அன்னைக்கு என்ன பேரோ அதுதான் அதுல நிக்கும். அப்ப அத்தனையும் ஒரே சொத்துதான்னு எதை வச்சுச் சொல்றது? சர்வே நம்பர், நாலு பக்க எல்லை, முந்தைய பத்திரத்தோட நம்பர். ஒவ்வொரு பத்திரமும் தனக்கு முந்தினதைக் கை காட்டும். சங்கிலி அறுந்தாத்தான் வில்லங்கம்.

அந்த சர்வே நம்பரும் சும்மா இருக்கலை. 1979-ல இருந்து 1987 வரைக்கும் தமிழ்நாடு முழுக்க யூ.டி.ஆர். நடந்தது. அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கிற திட்டம். நிலம் யார் பேர்ல இருக்கு, யார் அனுபவத்துல இருக்குன்னு பார்த்துப் பதிவேட்டைத் திருத்தி எழுதினாங்க. அந்த வேலை நடந்துட்டு இருக்கும்போதே மாவட்டம் பேரும் மாறினது எங்களுக்குக் கிடைச்ச போனஸ். யூ.டி.ஆர்.ல பேர் தப்பா ஏறினவங்க அதைச் சரிபண்ண இன்னைக்கும் தாலுகா ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் நடக்குறாங்க. ரெப்பாசிட்டரியில ஒரு ஃபீல்டு தப்பாப் போனா என்ன ஆகும்னு அவங்களைக் கேக்கணும்.

இத்தனைக்கும் நடுவுல அசையாம நின்னது ஒண்ணு இருக்கு. 1972 ஆகஸ்ட் 15-ல வந்த பின்கோடு. இராஜபாளையம் 626117, ஸ்ரீவில்லிபுத்தூர் 626125. இராமநாதபுரம், காமராஜர், விருதுநகர்னு கடிதத்துல எதை எழுதினாலும் தபால்காரர் அதே தெருவுக்குத்தான் வந்தார். நம்பருக்கு சாதியும் இல்லை, கட்சியும் இல்லை.

கம்ப்யூட்டர் உலகமும் இதைத் தாமதமாத்தான் கத்துக்கிச்சு. ஆர்ப்பாநெட் காலத்துல எல்லா ஹோஸ்ட் பேரும் ஒரே ஒரு ஃபைல்ல இருந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பராமரிக்க, மத்தவங்க நகல் எடுத்துப்பாங்க. புது நகல் எடுக்காதவனுக்குப் பழைய பேருதான். 1983-ல பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் கொண்டு வந்த பிறகுதான், நகல் எடுக்காம கேட்டுத் தெரிஞ்சுக்கிற வழி வந்தது. பழைய பேரைக் கூப்பிட்டாலும் புதுப் பேருக்குக் கை காட்டுற வசதியும் அதுல உண்டு. சப்வெர்ஷன் இன்னும் ஒரு படி மேல. சர்வர் பேர் மாறி ரீலொக்கேட் பண்ணினா, புது விலாசத்துல இருக்கிற ரெப்பாசிட்டரியோட அடையாள எண் பழசோட பொருந்துதான்னு பார்த்துட்டுத்தான் ஒத்துக்கும். பின்கோடு மாதிரியேதான்.

அதனால நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். பேரை மாத்துங்க, வேணாங்கலை. ஆனா பழைய பேரை அழிச்சுத் துடைக்காம புதுசுக்குக் கை காட்ட விடுங்க. பேரை நம்பி எதையும் கட்டாதீங்க, மாறாத ஒரு எண்ணை அடியில வச்சுக்குங்க.

பி.கு: பரண்ல பழைய பத்திரம் இருந்தா, ஜில்லா பேர் தப்பா இருக்குன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. அது தப்பில்லை, அந்தத் தேதிக்கு அதுதான் சரி.