காளானும் கடவுளும்

மெக்சிகோ நாட்டு மலைகளிலே முளைக்கிறது ஒருவகைக் காளான். உண்டோர் கண்முன் இல்லாத உருவங்கள் எழும், வண்ணங்கள் கூத்தாடும். அசுடெக் மக்கள் அதனைத் தெய்வத்தின் தசை என்றழைத்தனர் எனப் பதினாறாம் நூற்றாண்டுப் பாதிரிமார் எழுதிவைத்தனர்.

நாடு பிடிக்க வந்த ஸ்பானியர், வாளோடு சிலுவையையும் ஏந்தி வந்தனர். 1620-ஆம் ஆண்டு, மெக்சிகோவிலிருந்த சமய விசாரணை மன்றம் ஆணை பிறப்பித்தது - மயக்கந்தரும் பெயோட்டே என்னும் கள்ளியையோ, அதையொத்த பூண்டுகளையோ குறி கேட்பதற்காக எவரும் உண்ணலாகாது! காரணம்? நஞ்சு என்பதா? அன்று! எந்தப் பூண்டுக்கும் இயல்பாக அத்தகைய ஆற்றல் இருக்க முடியாதாம். ஆகவே காட்சி காட்டுபவன் சாத்தானாம்!

ஒரு சாரார் தெய்வம் என்றனர். மறு சாரார் சாத்தான் என்றனர். பூண்டுக்குள் இருப்பது என்ன என்று மட்டும் மன்றத்தார் கேட்கவில்லை. கேட்டால் மன்றம் எதற்கு?

மலைவாழ் மருத்துவரோ மறைவாகத் தம் முறையைக் காத்தனர். எந்தக் காளான், எத்தனை இணை, எந்த வேளை என்பதெல்லாம் அவர்கட்குத் தெரியும். வானிலிருந்து இறங்கிய வாக்கல்ல அது. தலைமுறை தலைமுறையாக உண்டு, கண்டு, தேர்ந்த அறிவு.

1955-இல், ஊவாட்லா என்னும் சிற்றூரில், மசாடெக் இனத்து மரியா சபீனா, எழுத்தறியாத அந்த ஏழைப் பெண், அமெரிக்க வங்கி அதிகாரி வாசனுக்குக் காளான் தந்தார். 1957-இல் 'லைஃப்' ஏடு அச்செய்தியை உலகறியச் செய்தது. அடுத்த ஆண்டே, ஸ்விட்சர்லாந்து வேதியியல் அறிஞர் ஆல்பர்ட் ஹாஃப்மன், காளானிலிருந்து சைலோசைபின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். பெயோட்டேயின் மெஸ்கலினை 1897-லேயே கண்டுவிட்டார் ஜெர்மானிய அறிஞர் ஹெஃப்டர். முந்நூறு ஆண்டு மிரட்டிய சாத்தான், வெள்ளைப் படிகமாகக் குப்பிக்குள் அடங்கினான்!

1962-இல் ஹாஃப்மன் சைலோசைபின் மாத்திரைகளுடன் மரியாவை நாடிச் சென்றார். உண்டு பார்த்த அவர், காளானின் ஆற்றல் இதிலும் உண்டு என்றார். ஆய்வுக்கூடத்தை அறியாத அவரும் ஆய்ந்தே தீர்ப்பளித்தார்!

அவர் அடைந்த பயன் யாது? மயக்கந்தேடி வந்த கூட்டம் ஊரை மொய்த்தது, காவலர் வீட்டைக் குடைந்தனர், வீடு தீக்கிரையாயிற்று. அறிஞருக்குப் புகழ், ஆலைக்கு மாத்திரை; அறிவைத் தந்தவருக்கோ 1985-இல் வறுமையிலே சாவு!

தோழர்களே! காளானை உண்ணுங்கள் என்று கூற வரவில்லை நாம். மனத்தைக் கலக்கும் பொருள் அது. மனநோய்க்கு மருந்தாகுமா என்று அளவறிந்து, கண்காணிப்புடன் இன்று அறிஞர்கள் சோதித்து வருகின்றனர். நாம் கூறுவது இதுதான்: பழமை என்பதால் எதுவும் மருந்தாகிவிடாது; படிக்காதவர் சொன்னார் என்பதால் பொய்யாகிவிடவும் செய்யாது. மந்திரத்தைத் தள்ளுவோம், மூலிகையைச் சோதிப்போம். சோதனையில் தேறினால், அதனைக் காத்துத் தந்த எளியோரின் பெயரையும் பங்கையும் மறவாதிருப்போம். பகுத்தறிவு என்பது அதுவே!