வெண் குறுமீனை நெருங்கிச் சுற்றும் பழுப்புக் குறுமீன்கள்

எரிபொருள் தீர்ந்த விண்மீனின் எஞ்சிய உள்ளகம் வெண் குறுமீன் எனப்படும். நெருக்குண்ட எலக்ட்ரான்களின் அழுத்தமே அதைத் தாங்கி நிற்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது, அதன் நிறைக்கு மேல்வரம்பு உண்டு எனக் கணக்கிட்டார். அதே அழுத்தத்தைக் கொண்டு இந்திய வம்சாவளி வானியலாளர் சிவ் குமார் 1963இல் விண்மீன்களின் கீழ்வரம்பைக் கண்டார். சூரிய நிறையில் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்கும் குறைந்த வாயுக்கோளத்தில் ஹைட்ரஜன் எரிப்பு நிலைக்காது. இவற்றை அவர் கருங்குறுமீன் என்றார். 1975இல் ஜில் டார்ட்டர் சூட்டிய 'பழுப்புக் குறுமீன்' என்ற பெயரே நிலைத்தது.

இவ்விரு வகைப் பொருள்களும் மிக நெருங்கிச் சுற்றும் இணை ஒன்று 2006இல் அறிவிக்கப்பட்டது. டபிள்யூடி 0137-349 என்னும் அந்த இணையின் சுற்றுக்காலம் வெறும் 116 நிமிடம். விண்மீன் செம்பெருமீனாக ஊதியபோது பழுப்புக் குறுமீன் அதற்குள் விழுங்கப்பட்டும் அழியவில்லை. இன்று அதன் ஒரு பக்கம் எப்போதும் வெண் குறுமீனையே நோக்கியுள்ளது. அப்பக்கத்தின் நிறமாலையில், வழக்கமான இருண்ட கோடுகளுக்கு மாறாக, சோடியம், மக்னீசியம், கால்சியம், இரும்பு ஆகியவற்றின் ஒளிர்கோடுகளை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. புறஊதாக் கதிர்கள் மேல்வளியைக் கீழ்வளியைவிட மிகுதியாகச் சூடாக்குவதே காரணம். 2023இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூடி 0032-317 இணையில் பகற்பக்க வெப்பநிலை சுமார் 8,000 கெல்வின். இது சூரியப் பரப்பைவிட அதிகம்!

தாய் விண்மீனை ஒட்டிச் சுற்றும் வெப்ப வியாழன்களின் ஒளி, அவ்விண்மீனின் ஒளியில் மூழ்கிவிடுகிறது. வெண் குறுமீனோ பூமியளவே உள்ளது. ஆகவே அதன் துணை அகச்சிவப்பில் தெளிவாகத் தெரிகிறது.