கடல் கடந்து வந்த பெயர்கள்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் உத்தனப்பள்ளி என்னும் ஊர் உளது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் எல்லைப்புறம் அது. வீட்டில் ஒரு மொழியும், சந்தையில் ஒரு மொழியும், பள்ளியில் ஒரு மொழியும் பேசும் சிறுவரை அப்பகுதியில் காணலாம். பேசும் மொழி இடத்துக்கு இடம் மாறினும், பெற்றோர் இட்ட பெயர் மாறுவதில்லை. ஆனால், உணவும் உடையும் கல்வியும் பெறும் பொருட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் அயல்நாட்டார் பெயரைத் தாங்கி நின்ற காலமும் ஒன்று இருந்தது. அது நிகழ்ந்த இடம் யாழ்ப்பாணம். ஏழைக் குழந்தைகளுக்கு உதவத் திருச்சபையார் கடல் கடந்து செல்லும் தொண்டின் பயனையும், அத்தொண்டில் உள்ளடங்கிய சிக்கலையும் ஒருங்கே காட்டுவது அவ்வூர் வரலாறு.

அமெரிக்க நாட்டுச் சபையார் சிலர் அயல்நாட்டு ஊழியத்திற்கென 1810-ஆம் ஆண்டில் ஒரு கழகம் கண்டனர். அக்கழகம் அனுப்பிய பாதிரிமார் 1815-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நியூபரிபோர்ட் என்னும் துறையில் கப்பலேறினர். ஐந்து திங்கள் கடலிலே கழிந்தன. 1816-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொழும்பை அடைந்த அவர்களுக்கு, ஆளுநர் பிரௌன்றிக் யாழ்ப்பாணம் செல்ல இசைவளித்தார். டானியல் பூர் தெல்லிப்பழையிலும், பெஞ்சமின் மெய்க்ஸ் வட்டுக்கோட்டையிலும் குடியேறினர். போர்ச்சுக்கீசியரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற பாழடைந்த கோயில் கட்டடங்களைச் செப்பனிட்டு, அவற்றிலே பள்ளிகள் தொடங்கினர்.

பகற்பள்ளி மட்டும் போதாது, பிள்ளைகள் தம்முடனே தங்கிக் கற்க வேண்டும் என்று அவர்கள் எண்ணினர். விடுதி நடத்தப் பணம் வேண்டுமன்றோ? அதற்கு ஒரு வழி கண்டனர். அமெரிக்காவில் உள்ள ஒருவரோ, ஒரு சபையோ, ஒரு மாதர் சங்கமோ ஆண்டுதோறும் சில டாலர் அனுப்பினால், அத்தொகை யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்றின் உணவுக்கும் உடைக்கும் கல்விக்கும் ஆகும். கொடுத்தவர் விரும்பும் பெயரை அப்பிள்ளைக்கு இடலாம். சிலர் தம் பெயரையே அனுப்பினர். சிலர் தாம் போற்றிய போதகர் பெயரை அனுப்பினர். கந்தன் என்றும் சதாசிவம் என்றும் வீட்டில் அழைக்கப்பெற்ற சிறுவர், விடுதிப் பதிவேட்டில் புதுப் பெயர் பெற்றனர். ஒரு குழந்தையைத் தனியே பொறுப்பேற்றுப் பேணும் முறை இக்காலத்தில் தோன்றியதெனக் கருதுவோர் பலர். அதன் வித்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் நடுவில் ஊன்றப்பட்டது.

உணவு தருவதும் எளிதாக இல்லை. அயலார் வளாகத்தில் சமைத்த சோற்றை உண்டால் சாதி கெடும் என்று பெற்றோர் அஞ்சினர். ஆதலால் தொடக்கத்தில் மிஷன் நிலத்திற்கு வெளியே அடுக்களை அமைத்து, வேளாளரைக் கொண்டு சமைப்பித்தனர். விடுதியில் சேர்ந்த மாணவருள் பெரும்பாலோரும் வேளாளர் குடியினரே. கொடையாளர் கடலுக்கு அப்பாலிருந்து தம் மனத்தில் கண்டது ஆதரவற்ற ஏழைக் குழந்தையை. கல்வியின் பெரும்பயனை அடைந்ததோ ஊரில் ஓரளவு நிலையுற்ற குடும்பத்துப் பிள்ளைகள். ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு அவ்வாயில் எளிதில் திறக்கவில்லை. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே பெருங்கடல் கிடக்கும்போது, கொடை எவரைச் சென்று சேர்கிறது என்பதைக் கொடுப்பவர் காண இயலுவதில்லை.

பெண்கல்வியில் இத்தொண்டு ஆற்றிய பணி தனிச் சிறப்புடையது. குடும்பப் பெண்கள் எழுத்தறிவு பெறுதல் தகாது என்ற எண்ணம் வேரூன்றியிருந்த அந்நாளில், ஹாரியட் வின்சுலோ அம்மையார் 1824-ஆம் ஆண்டில் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பள்ளி தொடங்கினார். கற்று முடித்துக் கிறித்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது. 1840-ஆம் ஆண்டில் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அப்பள்ளியை நடத்தினார். ஒருமுறையேனும் தாயகம் திரும்பாமல் 1883-ஆம் ஆண்டில் அம்மண்ணிலேயே மறைந்தார். அப்பள்ளி இன்றும் உடுவில் மகளிர் கல்லூரி என நிலவுகின்றது.

ஆண்மக்களுக்கென 1823-ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. தமிழ், ஆங்கிலம், கணிதம், வானநூல் ஆகியன அங்குக் கற்பிக்கப்பட்டன. அங்குக் கற்றோர் பெற்ற பெயர்களைப் பாருங்கள். 1841-ஆம் ஆண்டில் 'உதயதாரகை' என்னும் இதழ் தோன்றியபோது, அதன் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் இருவர். பெயரைக் கேட்போர் வெள்ளையர் என்றே எண்ணுவர், இருவரும் தமிழர். பாரசீகம் வரை சென்று தொண்டாற்றி 1812-இல் மறைந்த ஆங்கிலப் பாதிரியாரின் பெயரே ஹென்றி மார்ட்டின் என்பது. கறல் விசுவநாதபிள்ளை கணிதத்தில் வல்லவர், சி. வை. தாமோதரம்பிள்ளையுடன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியாக விளங்கியவர். பின்னாளில் மீண்டும் சைவம் புகுந்தவர். ஆர்னல்டு என்ற பெயர் பெற்ற சதாசிவம்பிள்ளையோ, 410 புலவர்களின் வரலாற்றைத் திரட்டிப் 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் நூலை 1886-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அயலார் இட்ட பெயரை அவர் களையவில்லை. தம் பெயரையும் கைவிடவில்லை. இரண்டையும் தாங்கித் தமிழ்ப் புலவர் பெயர்களை மறதியினின்று மீட்டார்.

கொடையாளர் எதிர்பார்த்தது இதுவன்று. ஊர்தோறும் சென்று சமயம் போதிப்போரை அவர்கள் வேண்டினர். கற்றவர்களோ ஆசிரியராயும், எழுத்தராயும், அரசாங்க அலுவலராயும் சென்றனர். கழகத்தின் செயலர் ரூபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்வையிட்டபின், 1855-ஆம் ஆண்டில் செமினரி மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான கல்லுக்கு அப்பால் எடுத்த முடிவொன்று ஊரின் உயர்கல்விக்கு ஒரே நாளில் தாழிட்டது. அயலார் கொடையை மட்டும் நம்பி நிற்பதன் இடர் இதில் புலனாகின்றது.

யாழ்ப்பாணத்தார் சோர்ந்துவிடவில்லை. பழைய மாணவரின் ஊக்கத்தால் 1872-ஆம் ஆண்டில் அவ்விடத்திலேயே யாழ்ப்பாணக் கல்லூரி உருவாயிற்று. இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. உதவி பெற்றவர் மக்கள் உதவி செய்யப் புறப்பட்டனர். 1900-ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாணவர் தமக்குள் ஒரு சங்கம் அமைத்து, தம் காசு கொண்டே கடல் கடந்து இராமநாதபுரக் கரையிலுள்ள தொண்டியில் ஊழியம் மேற்கொண்டனர். 1902-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் அசரியா அங்குள்ளோர் தம் பொருளைக் கொண்டே தொண்டு செய்வதைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்தார். அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. நம் நாட்டார் பணமும் நம் நாட்டார் ஆளும் கொண்டே நடப்பது அச்சங்கத்தின் கொள்கை.

இக்கதை பழங்கதையன்று. கொரியப் போரில் ஆதரவிழந்த குழந்தைகளைப் பேண அமெரிக்கக் கிறித்தவர் 1950-களில் தொடங்கிய அமைப்புகள் உலகெங்கும் பரவின. அவற்றுள் ஒன்றாகிய காம்பேஷன் இன்டர்நேஷனல், அயல்நாட்டு நன்கொடை பற்றிய கட்டுப்பாடுகளின் விளைவாக 2017-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்தியப் பணியை நிறுத்தியது. அப்போது ஏறத்தாழ 1,45,000 இந்தியக் குழந்தைகள் அதன் உதவியைப் பெற்றுவந்தனர். முடிவு சரியா தவறா என்பது வேறு வழக்கு. அதை எடுத்தவருள் அக்குழந்தைகள் எவரும் இல்லை என்பது மட்டும் தெளிவு. மற்றோர் அமைப்பாகிய வேர்ல்டு விஷன் 2019-ஆம் ஆண்டில் ஒரு புதுமுறை கண்டது. கொடையாளர் தம் படத்தை அனுப்ப, அவருள் ஒருவரைக் குழந்தையே தேர்ந்தெடுக்கின்றது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் கொடுத்தவர் குழந்தைக்குப் பெயர் தேர்ந்தார். இன்று குழந்தை கொடுப்பவரைத் தேர்கின்றது. சிறிய மாற்றமாயினும், போற்றத்தக்கது.

பசித்த பிள்ளைக்குச் சோறிடும் கை எந்நாட்டுக் கையாயினும் வணங்கத்தக்கதே. உடுவிலில் எழுத்தறிந்த பெண்கள் தம் மகளிரையும் கற்பித்தனர். அந்நன்மையை எவரும் மறுத்தல் இயலாது. ஆயினும் உதவி செய்வோர் எந்தக் குழந்தைக்கு உதவுகிறோம் என்பதை நன்கு அறிதல் வேண்டும். நாளை தாம் விலகினாலும் அக்கல்வி நிற்பதற்கு வழிசெய்தல் வேண்டும். அப்பிள்ளையை அதன் சொந்தப் பெயரால் அழைத்தலும் வேண்டும்.