காசில் பிறந்த பிழையும் காசு பட்ட காயமும்

கைக்கு வந்த காசு ஒன்றில் எழுத்து இரட்டையாகத் தெரிகிறது. அல்லது ஓரத்தில் ஒரு துண்டு குறைந்திருக்கிறது. இது நாணயச்சாலையில் நேர்ந்த பிழையா? அல்லது பலர் கைமாறியதில் பட்ட அடியா? பிழை என்றால், சேகரிப்போர் பல மடங்கு விலை கொடுப்பர். அடி என்றால், காசுக்கு உரிய மதிப்புக்கு மேல் ஒன்றும் இல்லை. அதனால்தான் இத்துறையில் ஏமாற்றுவோரும் தோன்றினர்.

விடை காண, காசு உருவாகும் முறையை அறிய வேண்டும். முதலில், உலோகத் தகட்டிலிருந்து வட்டமான வில்லைகளை வெட்டுகின்றனர். அவற்றின் விளிம்பை எந்திரம் சற்றே உயர்த்துகிறது. பின்னர் இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வில்லை அழுத்தப்படுகிறது. அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக எழும். இதை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டு வரலாற்றுச் செய்திகளைப் பார்ப்போம்.

முதலாவது, 1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் நடந்தது. அக்காலத்து ஐந்து சென்ட் காசின் பின்புறத்தில் ஒரு காட்டெருமை நிற்கும். நடுவே வில்லை இல்லாத நேரத்தில் அச்சுகள் ஒன்றோடொன்று மோதி வடுப்படுவது உண்டு. அந்த வடுவைப் போக்க அச்சைத் தேய்த்தபோது, தேய்ப்பு அளவு மீறியது. ஆழம் குறைந்த பள்ளம் மறைந்தது. எருமையின் முன்னங்கால் ஒன்றும் அதனோடு மறைந்தது. குளம்பு மட்டும் எஞ்சியது!

இந்த 'மூன்று கால் எருமை' புகழ் பெற்றதும், சாதாரணக் காசின் காலைச் சுரண்டி விற்போர் கிளம்பினர். ஆனால் அசல் காசில், எருமையின் வயிற்றடியிலிருந்து தரைவரை சிறுசிறு மேடுகள் வரிசையாகத் தெரியும். அவை அச்சில் இருந்த குழிகளின் பதிவு. சுரண்டும் கத்தி காலை எடுத்துவிடும். அந்த மேடுகளை உண்டாக்காது.

இரண்டாவது, 1955ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் நடந்தது. அந்நாளில் ஓர் அச்சைச் செய்ய, தாய் அச்சை அதன்மேல் ஒரு முறைக்கு மேல் அழுத்துவர். ஒரு சென்ட் காசின் அச்சு ஒன்றில், இரண்டாம் அழுத்தம் சற்றே திரும்பி விழுந்தது. லிங்கன் உருவமுள்ள பக்கத்தில் ஆண்டும் எழுத்துகளும் இரட்டித்தன. பிழை தெரிவதற்குள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள் மற்றக் காசுகளோடு கலந்துவிட்டன. அதிகாரிகள் அவற்றை அப்படியே வெளியே விட்டனர்.

அதே ஆண்டுக் காசுகள் வேறு சிலவற்றில், கடைசி எண்ணான ஐந்து மட்டும் நிழலாடித் தெரியும். அது தேய்ந்த அச்சின் விளைவு. அதற்குப் பெரிய விலை இல்லை. உண்மையான இரட்டிப்பில் இரு எழுத்துகளும் முழுமையாக, உருண்டு எழுந்து நிற்கும். எழுத்தின் முனைகள் பிளந்து தெரியும். அடிபட்டு நகர்ந்த எழுத்தோ நசுங்கித் தட்டையாக இருக்கும்.

இனி, ஓரம் குறைந்த காசைப் பார்ப்போம். தகட்டில் முன்பே வெட்டிய துளையின்மேல் வெட்டும் கருவி மீண்டும் விழுந்தால், வில்லையில் பிறை வடிவில் குறை உண்டாகும். அத்தகைய வில்லையின் விளிம்பை எந்திரம் உயர்த்தும்போது, குறையுள்ள இடத்தில் அழுத்தம் கிடைப்பதில்லை. அதனால் நேர் எதிரே உள்ள விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். பிற்பாடு அரத்தால் அராவிய காசில், எதிர்விளிம்பு குறைவின்றி இருக்கும்.

ஆகவே நேயர்களே, விசித்திரமான காசு கிடைத்தால் விலையை முதலில் கேட்காதீர்கள். 'இது எந்தக் கட்டத்தில் நேர்ந்திருக்கக்கூடும்?' என்று கேளுங்கள். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும், ஒப்பிட அதே ஆண்டைச் சேர்ந்த நல்ல காசு ஒன்றும் போதும். பளபளப்பாக்க எண்ணித் தேய்த்துவிடாதீர்கள்; தேய்த்தால் சான்று அழிந்துவிடும். வில்லை வெட்டுவதிலோ, அச்சுச் செய்வதிலோ, அழுத்துவதிலோ இடம் காட்ட முடியாத குறை, தெருவில் பட்ட காயம் என்றே கொள்ளலாம்.