ஈப்போவின் வாக்கும் தோட்டத்தின் வாக்கும்

பேரா மாநிலத் தலைநகராகிய ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டரே. இரு இடங்களிலும் வாழ்ந்த தமிழர் பேசியது ஒரே மொழி. வணங்கியது ஒரே தெய்வம். எனினும் வாக்குப் பெட்டியின்முன் இவ்விரு ஊர்களும் நெடுங்காலம் வெவ்வேறு திசையில் நின்றன. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் வாக்குரிமை எவரிடம் இருந்தது என்பதை நோக்குவோம். 1955 ஜூலை 27இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் வாக்காளருள் இந்தியர் நூற்றுக்கு ஐவர்க்கும் குறைவு. 1957இல் நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமைக் கதவு அகலத் திறந்தது. ஆயினும் பிறப்புச் சான்றின்றி வெளியே நின்றோர் பலர். என் பாட்டியாரும் அவர்களுள் ஒருவர். பால்மரம் வெட்டியே முதுமை எய்திய அவர், சிவப்பு அடையாள அட்டையோடு மறைந்தார். தேர்தல் நாளில் மற்றவரை அனுப்பிவிட்டு, லயத்து வாசலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வழக்கம்.

இனி, நகரின் வரலாற்றைக் காண்போம். ஈப்போ-மெங்லெம்பு உறுப்பினராயிருந்த லியோங் இயூ கோ மலாக்கா ஆளுநரானதால், 1957 நவம்பரில் அங்கு இடைத்தேர்தல் நிகழ்ந்தது. சீனர் மிகுந்த அத்தொகுதி, இலங்கைத் தமிழர் மரபில் வந்த வழக்கறிஞர் டி. ஆர். சீனிவாசகத்தைத் தேர்ந்தெடுத்தது. அவர் 1953இல் தோன்றிய முற்போக்குக் கட்சியின் தலைவர். ஓர் அமைச்சர்மீது நாடாளுமன்றத்தில் அவர் ஊழல் குற்றம் சாட்டியபோது, அதை வெளியே சொல்ல முடியுமா என அறைகூவல் எழுந்தது. சீனிவாசகம் அக்குற்றச்சாட்டை ஈப்போவில் மீண்டும் கூறினார். வழக்குத் தொடுத்த அமைச்சரே தோற்றுப் பதவி விலகினார். 1969 மார்ச்சில் சீனிவாசகம் மறைந்தார். இரு மாதங்களில் நடந்த தேர்தலில் பேரா சட்டமன்றத்தின் 40 இடங்களுள் ஆளுங்கூட்டணி 19 பெற, முற்போக்குக் கட்சி 12 பெற்றது.

அதே கட்சி 1972இல் ஆளுங்கூட்டணியோடு கைகோத்தது. 1974 தேர்தலில் அவர்தம் உடன்பிறந்தாரான எஸ். பி. சீனிவாசகமே மெங்லெம்புவில் ஜனநாயக செயல் கட்சியிடம் தோற்றார். ஈப்போ மக்கள் போற்றியது கட்சியின் பெயரை அன்று. அதிகாரத்தைத் தட்டிக் கேட்கும் குரலையே என்பது இதனால் விளங்கும். ஆயினும் எதிர்ப்பே அவர்தம் மாறாக் கொள்கை என்பதும் பொருந்தாது. 1995இலும் 1999இலும் ஈப்போவின் கிழக்கு, மேற்குத் தொகுதிகளை மலேசிய சீனர் சங்கம் வென்றது. 2004இல் தேசிய முன்னணி நாடெங்கும் 219 இடங்களுள் 198ஐக் கைப்பற்றிய வேளையில், அவ்விரு தொகுதிகளும் லிம் கிட் சியாங்கையும் மு. குலசேகரனையும் தேர்ந்து எதிரணிப் பக்கம் திரும்பின.

தோட்டப்புறத்தின் கதை வேறு. சுங்கை சிப்புட் 1959 முதல் துன் வீ. தி. சம்பந்தனையும், 1974 முதல் ச. சாமிவேலுவையும் தேர்ந்தெடுத்தது. இருவரும் ம.இ.கா. தலைவர்கள். இதனை அறியாமை என்று நகரத்தார் சிலர் இகழ்ந்ததுண்டு, அது நேர்மையன்று. 1948 ஜூன் 16இல் இவ்வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதும் அவசரகாலம் பிறந்தது. துணிந்து பேசிய தொழிற்சங்கங்கள் ஒடுங்கின. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவிப் பாட்டாளிகளின் வெள்ளிக்காசாலேயே நிலம் வாங்கியவர் சம்பந்தன். வீடும் நீரும் மருந்தகமும் பள்ளியும் தோட்ட எல்லைக்குள் அடங்கிய ஒருவன், தனக்காகப் பேசவல்ல ஒரே வாயிலை அடைக்கத் துணிவானா? நகரத்துக் கடைக்காரனுக்கு அத்தகைய தளை இல்லை. இருவர் வாக்கும் வேறுபட்டதற்கு இதுவே தலையாய காரணம் என்பது என் துணிபு.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது அத்தளையும் அறுந்தது. லயத்தை விட்டுப் புந்தோங் போன்ற நகர்ப்புறங்களில் குடியேறியவர், வாடகைக்கும் வேலைக்கும் தாமே வழி தேடினர். 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் நிகழ்ந்த இண்ட்ராஃப் பேரணி அவர்தம் மனக்குறையை வெளிக்கொணர்ந்தது. 2008 மார்ச்சில், முன்பு இருமுறை தோற்றிருந்த மருத்துவர் மைக்கல் ஜெயக்குமார் சுங்கை சிப்புட்டில் சாமிவேலுவை வென்றார். பேரா சட்டமன்றத்தின் 59 இடங்களுள் 31 எதிரணிக்குக் கிடைத்தன. நகரும் தோட்டமும் அன்று ஒரே திசை நோக்கின.

ஆனால் 2009 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர் அணி மாறவே, தேர்தலின்றியே அவ்வாட்சி கவிழ்ந்தது. நகராண்மைத் தேர்தலோ 1965இல் நிறுத்தப்பட்டு, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் முற்றும் ஒழிந்தது. சீனிவாசகம் காலத்தில் நகராண்மையைத் தாமே தேர்ந்தெடுத்த ஈப்போ மக்களுக்கு அவ்வுரிமை இன்றில்லை. ஆகவே, பெற்ற வாக்குரிமை தானே நிலைத்திருக்கும் என்று எண்ணுதல் தவறு.

ஆசிரியத் தோழர்களே, 2021 டிசம்பர் முதல் 18 அகவை நிரம்பிய குடிமக்கள் தாமாகவே வாக்காளர் ஆகின்றனர். நம் ஆறாம் ஆண்டு மாணவன் இன்னும் ஆறே ஆண்டுகளில் வாக்குச்சீட்டைக் கையில் ஏந்துவான். தன் பாட்டிக்கும் பூட்டிக்கும் கிட்டாத அச்சீட்டின் வரலாற்றை வகுப்பறையிலேயே அவன் அறிந்திருத்தல் வேண்டும். அவன் எவருக்கு வாக்களிப்பான் என்பது நம் கவலையன்று. அறிந்து அளித்தானா என்பதே நம் பொறுப்பு.