மீக்கடத்து விளிம்பு உணரி: தாமதத்துக்கான காரணம் குறித்து ஒரு மறுவாசிப்பு

அண்ட நுண்ணலைப் பின்னணியை அளக்க இன்று பெரும்பாலும் பயன்படுவது நிலைமாற்ற விளிம்பு உணரி. மீக்கடத்தி ஒன்றை, அது மீக்கடத்தும் நிலைக்கும் இயல்நிலைக்கும் நடுவே நிறுத்தி, அங்கே சிறு வெப்பம்கூட மின்தடையைப் பெரிதும் மாற்றிவிடுவதைப் பயன்படுத்திக்கொள்ளும் கருவி அது. டொனால்ட் ஆண்ட்ரூஸ் டான்டலம் கம்பியைக் கொண்டு அகச்சிவப்புக் கதிரை உணர்ந்ததிலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு 1941. விரிவான கட்டுரை அச்சானது 1942இல். ஆனால் 1938இலேயே ஆண்ட்ரூஸின் குறிப்பு ஒன்று வந்திருக்கிறது. 1939இல் கோயட்ஸ் இதே கருத்தை முன்மொழிந்திருக்கிறார். கருத்தைத் தொடக்கம் என்பதா, செய்துகாட்டிய அளவீட்டைத் தொடக்கம் என்பதா என்பதைப் பொறுத்து ஆண்டு மாறுகிறது. அதை இங்கே தீர்க்க முயலவில்லை.

என் கேள்வி வேறு. இவ்வளவு முன்பே பிறந்த கருவி, பின்னணிக் கதிர்வீச்சு ஆய்வுக்குள் வர ஏன் இவ்வளவு காலமாயிற்று? கென்ட் இர்வினும் ஜீன் ஹில்டனும் 2005இல் எழுதிய நெடிய அத்தியாயத்தின் விடையைத்தான் பின்வந்தவர்கள் பெரும்பாலும் எடுத்தாள்கிறார்கள். தடைகள் இரண்டு என்கிறார்கள் அவர்கள். உணரியின் மின்தடை சில ஓம்களுக்குள் அடங்கிவிடுவதால் அன்றைய டிரான்சிஸ்டர் பெருக்கிகளோடு அது பொருந்தவில்லை. மீக்கடத்தியாலேயே ஆன ஸ்குவிட் பெருக்கி வந்து அதைத் தீர்த்தது. அடுத்து, உணரியை அந்தக் குறுகிய விளிம்பில் நிலையாக நிறுத்த முடியவில்லை. மின்னோட்டத்தை மாறாமல் வைத்தால், சூடேறும்போது மின்தடை கூடி, அது மேலும் சூட்டைக் கூட்டும். மின்னழுத்தத்தை மாறாமல் வைத்தால், மின்தடை கூடக் கூட வெப்பத் திறன் குறைந்து, உணரி தானே பழைய இடத்துக்குத் திரும்பும். 1995இல் இர்வின் காட்டிய வழி இது.

இயற்பியலாக இதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. துகள் உணரிகளின் வரலாறாகவும் இது பெரும்பாலும் சரி. பின்னணிக் கதிர்வீச்சின் வரலாறாக மட்டும் இதை என்னால் ஏற்க முடியவில்லை. என் மறுப்புக்கு ஆதாரம் 1977ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று.

பெர்க்லியில் கிளார்க், ஹாஃபர், ரிச்சர்ட்ஸ், யே ஆகிய நால்வர் எழுதியது அது. நீலக்கல் தகடு, அதன்மேல் கதிரை உறிஞ்சப் பிஸ்மத் பூச்சு, வெப்பமானியாக அலுமினியப் படலம். 1.27 கெல்வினில் அவர்கள் தரும் இரைச்சல் அளவு, ஒரு ஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்துக்கு 1.7 × 10⁻¹⁵ வாட். வெப்ப ஏற்ற இறக்கம் விதிக்கும் எல்லையிலிருந்து அது இரு மடங்குக்குள்தான் இருந்தது. அதாவது, மின்னழுத்த முறை வருவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே, பொருந்தாது எனப்பட்ட கருவி ஆய்வகத்தில் பொருந்தி வேலை செய்திருக்கிறது.

இந்தக் கட்டுரையை வரலாற்றாசிரியர்கள் போகிற போக்கில் சுட்டிவிட்டு நகர்வது எனக்கு வருத்தம் தருகிறது. காரணம், அதை எழுதியவர்களில் ஒருவரான பால் ரிச்சர்ட்ஸ் அதே பத்தாண்டில் பலூன்களில் கருவி அனுப்பிப் பின்னணிக் கதிர்வீச்சின் நிறமாலையை அளந்துகொண்டிருந்தார். உடி–ரிச்சர்ட்ஸ் முடிவு வெளியானது 1979இல். அந்தப் பலூனில் பறந்தது ஜெர்மானியம் பொலோமீட்டர், அதாவது ஜெர்மானியத்தை வெப்பமானியாகக் கொண்ட கதிர் உணரி. ஃபிராங்க் லோ 1961இல் உருவாக்கிய வழியில் வந்தது அது. 1998இல் பறந்த மாக்சிமா பலூனில்கூட அவர் குழு ஜெர்மானியத்தையே வைத்தது. இத்தனைக்கும் 1996இல் லீ, ரிச்சர்ட்ஸ் முதலானோர் மின்னழுத்த முறையில் இயங்கும் மீக்கடத்து பொலோமீட்டரை வெளியிட்டிருந்தார்கள். இரண்டு தொழில்நுட்பமும் ஒரே கையில் இருந்தன. வானுக்குப் போனது ஒன்று மட்டும்.

ஏன்? இங்கே நான் சொல்வது ஊகம்தான் என்றாலும் உறுதியாகவே சொல்கிறேன். ஜெர்மானியம் சுமையைப் பொறுத்துக்கொள்ளும். வளிமண்டலத்திலிருந்து எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் கதிர் வந்தால் அதன் கூர்மை குறையும், அவ்வளவே. மீக்கடத்து உணரியோ விளிம்பைத் தாண்டியதும் இயல்நிலை உலோகமாகி ஒன்றும் சொல்லாமல் நின்றுவிடும். சில மணி நேரப் பறப்புக்கு ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் எதைத் தேர்வார்? தேவையும் எழவில்லை. ஒரு குழுவுக்குப் பத்துப் பதினைந்து உணரிகள் போதும் என்றிருந்த காலம் அது. பூமராங் பலூனில் 16 அலைத்தடங்கள். பிளாங்க் விண்கலத்தின் உயர் அதிர்வெண் கருவியில், 100 மில்லிகெல்வினில், 52 பொலோமீட்டர்கள். விண்கலத் திட்டங்களில் வடிவமைப்பு மிக முன்பே உறுதியாகிவிடும் என்பதால் பிளாங்க்கை என் பக்கச் சான்றாக அழுத்திச் சொல்ல மாட்டேன்.

நிலைமையை மாற்றியது வேறொரு எல்லை. தனி உணரியின் இரைச்சல், வந்து விழும் ஒளித்துகள்களின் இயல்பான ஏற்ற இறக்க அளவுக்கே இறங்கிவிட்டது. அதற்குமேல் உணரியைக் குளிர்வித்துப் பயன் குறைவு; எண்ணிக்கையைக் கூட்டுவதே வழி. ஜெர்மானியச் சில்லுகளைத் தனித்தனியே பொருத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி, தனிப் பெருக்கி வேண்டும். மீக்கடத்துப் படலத்தை சிலிக்கான் தகட்டின்மேல் நூற்றுக்கணக்கில் ஒருசேர அச்சிடலாம். அதன் மின்தடை குறைவு என்பதால்தான் ஸ்குவிட் வழியே பல உணரிகளை ஒரே கம்பியில் படிக்க முடிகிறது. 1999இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டின் குழு நேரப் பகிர்வு முறையைக் காட்டியது. பெர்க்லி குழு அதிர்வெண் பகிர்வு முறையை வளர்த்தது. 2007இல் தென்துருவத் தொலைநோக்கி 960 உணரிகளோடு வேலையைத் தொடங்கியது. ஆக, இர்வினும் ஹில்டனும் தடை என்று எண்ணும் அதே குறைந்த மின்தடைதான் இந்தத் துறைக்குள் உணரி நுழையக் காரணமாயிற்று. 1995இன் மின்னழுத்த முறை இன்றியமையாதது. ஆனால் அது மட்டும் போதவில்லை.

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். எண்ணிக்கைதான் எல்லாம் என்றால், 2003இல் டே, ஸ்முய்ட்ஸினாஸ் முதலானோர் வெளியிட்ட மீக்கடத்து ஒத்ததிர்வு உணரி விளிம்பு உணரியை எப்போதோ ஓரங்கட்டியிருக்க வேண்டும். ஒரே கம்பியில் நூற்றுக்கணக்கானவற்றைப் படிப்பது அதன் இயல்பிலேயே உள்ளது. ஆனால் அட்டகாமாவில் எழுந்த சைமன்ஸ் ஆய்வகமும், 60,000க்கும் மேற்பட்ட உணரிகளுக்கு, விளிம்பு உணரியையே தேர்ந்தது. வானத்தை மெதுவாக வருடும் அளவீட்டில் தாழ் அதிர்வெண் இரைச்சலுக்கு உள்ள கனம் காரணமாக இருக்கலாம், கைப்பழக்கமும் இருக்கலாம். இவற்றில் எது முதன்மை என்பதை இப்போதுள்ள சான்றுகளைக் கொண்டு பிரிக்க இயலாது.